ஒர்க்கிங் ஹாலிடே விசா: குறைந்த வாடகையில் ரூம் வேண்டும், அவசரம்

கடைசிபெட்டி (செவ்வாய், இரவு 11:42)
எல்லோருக்கும் வணக்கம். ஒர்க்கிங் ஹாலிடே விசா வந்துவிட்டது, டிக்கெட்டும் போட்டாயிற்று. கிளம்ப இன்னும் மூன்றே வாரம். தங்க இடம்தான் இல்லை. வாடகையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. குறைந்த வாடகைக்கு ரூம் எப்படிப் பிடிப்பது? ஒரு இடம் கிட்டத்தட்ட அமைந்துவிட்டது. அதற்குப் பணம் அனுப்ப எந்த வழியில் கட்டணம் குறைவு என்றும் சொல்லுங்கள். நாளைக்குள் அனுப்பியாக வேண்டும்.

வடைமாலை (11:50)
எந்த நாடு தம்பி?

லண்டன்மழை (11:58)
வாழ்த்துகள்! பிரிட்டனின் யங் புரொபஷனல்ஸ் விசாதானே? இங்கிலாந்தில் டெபாசிட்டுக்கு வரம்பு இருக்கிறது. ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே என்றால் 5 வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. 2019-இல் வந்த சட்டம். வாங்கிய டெபாசிட்டை 30 நாளுக்குள் பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் போட்டு, அந்த விவரத்தை உங்களுக்கு எழுத்தில் தர வேண்டும். லண்டனில் எந்தப் பக்கம் பார்க்கிறீர்கள்?

திண்ணைப்பேச்சு (புதன், காலை 6:15)
தேடல் பெட்டி என்று ஒன்று மேலே இருக்கிறது. யாரும் தொடுவதில்லை. நாடு சொல்லாமல், ஊர் சொல்லாமல், பட்ஜெட் சொல்லாமல் "அவசரம்" மட்டும் சொன்னால் ஜோசியக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். நாங்கள் எல்லாம் வந்தபோது கேட்க ஆளே இல்லை. ஹாலில் நான்கு பேர் பாய் விரித்துப் படுத்தோம், குறைந்தா போய்விட்டோம்?

கடைசிபெட்டி (8:05)
ஆஸ்திரேலியா. விசா எண் 462. முதலிலேயே சொன்னதாக நினைத்தேன், ஸாரி.

வடைமாலை (8:09)
விசா குலுக்கலில் விழுந்ததா! இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 1000 இடம், 25 டாலர் கட்டிவிட்டுக் காத்திருந்த கூட்டத்தில் நானும் ஒருவன். எனக்கு விழவில்லை. பரவாயில்லை. ஆனால் ஆஸ்திரேலியா என்பது ஒரு கண்டம் தம்பி. எந்த ஊர்?

ஒற்றையடி (8:31)
ஊர் எதுவானாலும் நான் சொல்வது ஒன்றுதான்: நகரத்துக்கே போகாதே. இரண்டாவது வருட விசா வேண்டுமென்றால் 3 மாதம் பண்ணை வேலை மாதிரி குறிப்பிட்ட வேலையைக் குறிப்பிட்ட பகுதிகளில் செய்தாக வேண்டும், சிட்னி, மெல்பர்ன் மாதிரிப் பெருநகரத்தில் செய்தது கணக்கில் சேராது. நேராக மில்டுரா என்ற ஊருக்குப் போ. திராட்சை, ஆரஞ்சு, பாதாம் எல்லாம் அங்கேதான். வேலை செய்கிறவர்களுக்கென்றே ஹாஸ்டல் இருக்கிறது. ரூம் தேடும் வேலையே இல்லை.

மஞ்சப்பை (8:44)
@ஒற்றையடி ஹாஸ்டல் இருக்கிறது, சரி. வேலை இல்லாத வாரத்திலும் படுக்கைக்கு வாடகை ஓடுமே, அதையும் சொல்லுங்கள். நான் இருந்த இடத்தில் (பெயர் வேண்டாம்) மழை பெய்து 9 நாள் பறிப்பு நின்றது, வாடகை நிற்கவில்லை. மெல்பர்னிலிருந்து ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், பயணிகள் ரயிலும் கிடையாது. கையில் பணம் தீர்ந்தால் திரும்பி வரவே யோசிக்க வேண்டும்.

கடைசிபெட்டி (9:20)
மெல்பர்ன். பிப்ரவரி நடுவில் இறங்குகிறேன். ஓட்டல் கிச்சன் வேலை தேடலாம் என்று இருக்கிறேன். அப்புறம், தம்பி இல்லை, தங்கச்சி. பணம் அனுப்புவது பற்றி யாருமே சொல்லவில்லையே?

தென்றல் (9:26)
பணத்தை நிறுத்து. முதலில் இதற்குப் பதில் சொல்லு: யார் கேட்கிறார்கள், எவ்வளவு, எதற்கு? அந்த அறையை யாராவது நேரில் பார்த்தார்களா?

கடைசிபெட்டி (9:41)
முழு ஸ்டுடியோ அக்கா, நகரத்துக்குள்ளேயே. வாரம் 190 டாலர். உரிமையாளர் வேலை விஷயமாக வெளிநாட்டில் இருக்கிறாராம். இரண்டு மாத வாடகையும் பாண்டும் (டெபாசிட்தான்) அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறாராம். பாஸ்போர்ட் நகல்கூட அனுப்பினார். ரொம்ப மரியாதையாகப் பேசுகிறார். அறையின் படம் இணைத்திருக்கிறேன்.

வடைமாலை (9:43)
ஐயோ.

லண்டன்மழை (9:50)
இது இங்கேயும் நடக்கிறது. பாஸ்போர்ட் நகல் இன்னொரு ஏமாந்தவருடையதாக இருக்கும். உங்களுடையதை அனுப்பினீர்களா?

தென்றல் (10:02)
படத்தைப் பெரிதாக்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் பிளக் பாயிண்ட்டைப் பார். இரண்டு நேரான பிளவு, கீழே ஒரு வட்டத் துளை, சுவிட்ச் கிடையாது. அது அமெரிக்க பிளக் பாயிண்ட். இங்கே எந்த வீட்டுக்குப் போனாலும் மேலே இரண்டு பிளவும் கூரை மாதிரி சாய்ந்திருக்கும், கீழே ஒன்று நேராக இருக்கும், பக்கத்திலேயே குட்டி சுவிட்ச் இருக்கும். அந்த அறை மெல்பர்னில் இல்லை. நகரத்துக்குள் 190 டாலருக்கு முழு ஸ்டுடியோ என்றபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அதை விடு, பிளக் பாயிண்ட் பொய் சொல்லாது.

இனி சட்டம். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் வாரம் 900 டாலர் வரை உள்ள வாடகைக்கு பாண்ட் ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, முன்வாடகையும் அப்படித்தான். இரண்டு மாதம் கேட்டாலே கணக்கு உதைக்கிறது. பாண்ட் பணம் வீட்டுக்காரர் பையில் இருக்காது. ஆர்டிபிஏ என்ற அரசு அமைப்பிடம் 10 வேலை நாளுக்குள் கட்ட வேண்டும், கட்டியதும் உனக்கு நேரடியாகத் தகவல் வரும். வராவிட்டால் சும்மா இருக்காதே, கேள்.

கடைசிபெட்டி (10:10)
பாஸ்போர்ட் நகல் அனுப்பிவிட்டேன். பணம் அனுப்பவில்லை. கை நடுங்குகிறது.

திண்ணைப்பேச்சு (10:40)
இதற்குத்தான் முதலிலேயே விவரம் கேட்டேன். போகட்டும். ஊரிலிருந்துகொண்டே ரூம் பிடிக்கிறேன் என்று கிளம்பினாலே இப்படித்தான். இறங்கியதும் ஹாஸ்டலில் பத்து நாள் படு, நடந்து பார், கதவைத் தட்டு. பாண்டைக் கையில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள், போதும். எல்லாவற்றுக்கும் அரசாங்கத்தை இழுக்காதீர்கள். கிளம்பும்போது கடைசி மாத வாடகையில் கழித்துக்கொள்ளலாம்.

தென்றல் (10:52)
@திண்ணைப்பேச்சு முதல் பாதி முழுக்கச் சரி, நானும் அதைத்தான் சொல்வேன். இரண்டாம் பாதி நம் ஊர் அட்வான்ஸ் பழக்கம். இங்கே பாண்டை வாடகையில் கழிப்பது சட்டப்படி தப்பு, அபராதமும் உண்டு. வாடகையைக் கடைசி நாள் வரை கட்ட வேண்டும், பாண்ட் தனியாகத் திரும்பி வரும்.

திண்ணைப்பேச்சு (10:58)
சட்டம் படித்தவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். நான் 2009-இலிருந்து இங்கே இருக்கிறேன்.

மஞ்சப்பை (11:15)
தங்கச்சி, முழு வீடு தேடாதே. அதற்கு 12 மாத ஒப்பந்தம் கேட்பார்கள், சம்பளச் சீட்டு கேட்பார்கள், முன்பு இருந்த வீட்டுக்காரரின் பரிந்துரை கேட்பார்கள். எதுவும் உன்னிடம் இருக்காது. 462-இல் பொதுவாக ஒரு முதலாளியிடம் 6 மாதம்தான் வேலை செய்யலாம், அப்புறம் எங்கே போவாய் என்று உனக்கே தெரியாது. 12 மாதக் கையெழுத்து எதற்கு? பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறை தேடு. ஃபிளாட்மேட்ஸ் தளம், பேஸ்புக் குழுக்கள், கடை வாசலில் ஒட்டியிருக்கும் காகிதம்கூடப் பார்.

பிப்ரவரி கடைசியில் பல்கலைக்கழகங்கள் திறக்கும். கிளேட்டன் பக்கம் அப்போது போகாதே, மோனாஷ் பல்கலைக்கழக மாணவர்கள் மொய்த்திருப்பார்கள். டான்டினோங், சன்ஷைன், ஃபுட்ஸ்கிரே மாதிரிப் புறநகர்களைப் பார்க்கலாம். ரயில் டிக்கெட்டுக்குப் பயப்படாதே, முதல் கட்டண மண்டலத்துக்குள் போனாலும் அங்கிருந்து இரண்டாம் மண்டலம் வரை போனாலும் கட்டணம் ஒன்றுதான்.

ஒற்றையடி (11:31)
டான்டினோங்கில் தமிழ் ஆட்கள் நிறைய. ஆனால் தமிழ் ஆட்களோடு தங்கினால் ஆங்கிலமும் வராது, ஊரும் தெரியாது. இதற்கு மில்டுராவே மேல்.

வடைமாலை (11:34)
அவங்களுக்கு முதல் மாதம் ரசம் வைத்துச் சாப்பிட ஒரு அடுப்பு வேண்டும். ஊரை இரண்டாம் மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

மஞ்சப்பை (11:49)
கிச்சன் வேலை என்றாயே, அதற்கு ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ஷிஃப்ட் முடிந்து பாத்திரம் கழுவி வெளியே வர நள்ளிரவு ஆகும். விடிய விடிய ரயில் ஓடுவது வெள்ளி, சனி இரவு மட்டும். செவ்வாய்க்கிழமை கடைசி ரயிலை விட்டால் மலிவு வாடகையில் மிச்சம் பிடித்தது முழுக்க டாக்சிக்குப் போகும். எனக்கு ஒரே மாதத்தில் மூன்று முறை போனது. அதனால் முதலில் வேலை, அதற்கு இரண்டு மூன்று ஸ்டேஷன் தள்ளி ரூம். அறை பார்க்கப் போகும்போது ஸ்டேஷனிலிருந்து இருட்டிய பிறகு ஒருமுறை நடந்து பார். பகலில் எல்லாத் தெருவும் நல்ல தெருதான்.

கணக்குப்பிள்ளை (மதியம் 12:20)
எல்லோரும் வாரம் வாரம் என்கிறீர்கள், மாதக் கணக்கை யாரும் சொல்லவில்லை. வாரம் 260 என்றால் 4-ஆல் பெருக்கி 1040 என்று நினைத்துப் போவாள் அந்தப் பெண். ஒப்பந்தத்தில் 1130 இருக்கும். வார வாடகையை 7-ஆல் வகுத்து, 365-ஆல் பெருக்கி, 12-ஆல் வகுக்க வேண்டும்.

திண்ணைப்பேச்சு (12:31)
மாதத்துக்கு நாலு வாரம். இதிலும் சந்தேகமா?

கணக்குப்பிள்ளை (12:34)
பிப்ரவரிக்கு மட்டும் நாலு வாரம். அதுவும் லீப் வருடத்தில் இல்லை.

திண்ணைப்பேச்சு (12:40)
நான் பதினைந்து வருடமாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வாடகை கட்டுகிறேன். மாதத்துக்கு இரண்டு தடவை. இரண்டும் இரண்டும் நாலு.

கணக்குப்பிள்ளை (12:47)
வருடத்துக்கு எத்தனை தடவை கட்டினீர்கள் என்று வங்கிக் கணக்கைத் திறந்து எண்ணுங்கள். 24 வராது, 26 வரும். உங்கள் கணக்குப்படி ஒவ்வொரு வருடமும் 4 வார வாடகை எங்கிருந்தோ முளைக்கிறது.

வடைமாலை (12:52)
பதினைந்து வருடம் × 4 வாரம் = 60 வாரம். அண்ணன் ஒரு வருடத்துக்கு மேல் தெரியாமலே வாடகை கட்டியிருக்கிறார்.

திண்ணைப்பேச்சு (1:05)
இழை திசை மாறுகிறது.

லண்டன்மழை (1:20)
இங்கே மாத வாடகைதான், இந்தத் தொல்லையே இல்லை.

தென்றல் (மாலை 5:30)
@கடைசிபெட்டி இருக்கிறாயா? இன்னும் இரண்டு விஷயம். ஒரே வீட்டில் தனித்தனி அறையாக 4 பேர் அல்லது அதற்கு மேல் வாடகைக்கு இருக்கிற மாதிரி இருந்தால் அது ரூமிங் ஹவுஸாக இருக்கலாம். நடத்துகிறவர் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவேடு கன்ஸ்யூமர் அஃபேர்ஸ் விக்டோரியா (மாநில நுகர்வோர் அமைப்பு) தளத்தில் இருக்கிறது, முகவரி போட்டு யாரும் பார்க்கலாம். அங்கே பாண்ட் 14 நாள் வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. ஒரு அறையில் மூன்று அடுக்குக்கட்டில், ஆளுக்கு வாரம் 180 என்று சொல்லும் ஆட்களுக்கு இந்தப் பதிவேட்டைப் பற்றிக் கேட்டாலே வேர்க்கும்.

இரண்டாவது, வீட்டை எடுத்திருக்கும் வாடகைதாரர் உனக்கு ஓர் அறையை உள்வாடகைக்கு விட்டால், வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் இருக்கிறதா என்று கேள். உரிமையாளர் அதே வீட்டில் இருந்துகொண்டு ஓர் அறையை மட்டும் தந்தால் கதை வேறு, இந்த விதிகள் எல்லாம் அப்படியே பொருந்தாது. அப்போது என்ன பேசினீர்களோ அதை எழுத்தில் வாங்கிக்கொள்.

வாடகையில் கரண்ட், கேஸ், வைஃபை சேர்த்தியா என்றும் கேட்டுவிடு. இங்கே ஜூன் குளிர்காலம், அப்போது ஹீட்டர் பில் தெரியும்.

கடைசிபெட்டி (இரவு 10:15)
பார்த்தேன் அக்கா. பிளக் பாயிண்ட் படத்தை அந்த ஆளுக்கே அனுப்பினேன். பதில் இல்லை, பிளாக் செய்துவிட்டார். முதல் 10 நாளுக்குப் பெண்கள் அறை உள்ள ஹாஸ்டல் போட்டிருக்கிறேன். மீதி போய்ப் பார்த்துக்கொள்கிறேன். நன்றி.

தென்றல் (10:22)
நல்லது. பாஸ்போர்ட் நகல் போனதைச் சும்மா விடாதே. ஸ்கேம்வாட்ச் என்ற ஆஸ்திரேலிய அரசின் மோசடிப் புகார் தளத்தில் பதிவு செய், உன் பெயரில் எதுவும் நடக்கிறதா என்று கவனமாக இரு. போனதும் எழுது.

ஒற்றையடி (10:30)
மில்டுராவை மனதில் வை.

வடைமாலை (மார்ச், முதல் வாரம்)
அந்தப் பெண் போய்ச் சேர்ந்தாங்களா? யாருக்காவது தெரியுமா?

மஞ்சப்பை (மறுநாள்)
போனவர்கள் எங்கே எழுதுகிறார்கள். நானும் எழுதவில்லை.

கடைசிபெட்டி (மார்ச், நான்காம் வாரம்)
ஸாரி, ஒரே ஓட்டம். சன்ஷைன் பக்கம் ரூம் கிடைத்தது. இன்னும் இரண்டு பேர், ஒருத்தி நேபாளம், ஒருத்தி பிரான்ஸ். 11 இடம் பார்த்தேன். பாண்ட் கட்டியதற்கு ஆர்டிபிஏ மின்னஞ்சல் வந்துவிட்டது. ராத்திரி ஸ்டேஷனிலிருந்து 6 நிமிட நடை, நடந்து பார்த்துவிட்டுத்தான் சரி என்றேன். வாடகை 1000 டாலர், பில் எல்லாம் சேர்த்து. ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு. எல்லோருக்கும் நன்றி.

திண்ணைப்பேச்சு (அன்று மாலை)
ஹாஸ்டலில் பத்து நாள் என்று நான்தான் சொன்னேன்.

கணக்குப்பிள்ளை (அன்று இரவு)
1000 என்பது மாதத்துக்குத்தானே? சரியாகக் கணக்குப் போட்டிருந்தால் வாரம் 230. நாலால் வகுத்து எழுதியிருந்தால் வாரம் 250, அப்படியென்றால் மாதம் 1086 போகும். ஒப்பந்தத்தில் எந்த எண் இருக்கிறது?