லெட்சுமிக்கு எந்த ஸ்பெல்லிங்? நிரந்தர மெயிலுக்கு டொமைன் பெயர்

களியக்காவிளை லெட்சுமி:
சொந்த டொமைனில் (மெயில் முகவரியில் @-க்குப் பின்னால வர்ற பெயர்) மெயில் முகவரி வேணும், இனி மாத்தவே கூடாது. சிக்கல் பெயரில்தான். பள்ளிச் சான்றிதழில் எல்-இ-கே, ஆதாரில் எல்-ஏ-கே. பாறசாலையில் கேட்டு எழுதுறவங்க முதலாவதை எழுதுறாங்க, நாகர்கோவிலில் ரெண்டாவதை. டாட் காமில் ரெண்டுமே போச்சு. டாட் ஆன்லைன் முதல் வருஷம் நூறு ரூபாய்க்குள்ள காட்டுது. தம்பி டாட் ஐஓ எடுக்கச் சொல்றான். இல்ல, நடுவில் ஹைஃபன் போட்டு டாட் இன் வாங்கலாமா?

விளவங்கோடு வயர்மேன்:
ஹைஃபன் வேண்டாம். போனில் "நடுவுல ஒரு கோடு"ன்னா அண்டர்ஸ்கோர் போடுறவங்க நிறைய. டொமைன் பெயரில் அண்டர்ஸ்கோர் பதியவே முடியாது; மெயில் திரும்பிடும்.

உங்க பெயரை விட்டுட்டு வீட்டுப்பேரைப் பாருங்க. அப்பா, தம்பி எல்லாருக்கும் ஒரே டொமைனில் ஆளுக்கொரு முகவரி கொடுக்கலாம். அதில் 'ழ' இருந்தா மட்டும் யோசிக்கணும். கோழிக்கோடுன்னு இசட்-ஹெச் போட்டுப் பழகின கேரளாக்காரங்களுக்குத் தடுமாற்றம் இல்ல. சித்தூர், திருப்பதிப் பக்கம் வெறும் எல் போட்டாலும் போடுவாங்க. எம்-மும் என்-னும் போனில் ஒண்ணாத்தான் கேட்கும். மூணு பேருக்குக் கூப்பிட்டு ஒரே தடவை சொல்லி, வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்க. ஒருத்தர் தப்பா எழுதினாலும் வேற பெயர்.

புளியரை டிஎன்எஸ்:
டாட் ஆன்லைனில் ரினியூவல் விலையைப் பாருங்க, முதல் வருஷ விலை கண்கட்டு. டாட் ஐஓ இந்தியப் பெருங்கடலில் இருக்கிற பிரிட்டிஷ் பகுதியோட குறியீடு. அந்தப் பகுதியான சாகோஸ் தீவுகளை மொரீஷியஸுக்குக் கொடுக்கப்போறதா 2024-ல் பிரிட்டன் அறிவிச்சிருக்கு. நாடு மறைஞ்சு குறியீடும் போனது உண்டு: யுகோஸ்லாவியாவோட டாட் ஒய்-யு 2010-ல் நின்னுபோச்சு. நம்ம நாட்டு இணைய அமைப்பான நிக்சி நடத்துற டாட் இன் உங்களுக்குப் போதும்.

பெயரை விடப் பெரிய ஓட்டை வேற. ரெஜிஸ்ட்ரார் (டொமைன் விக்கிற கம்பெனி) கணக்குக்கு அதே டொமைன் மெயிலைக் கொடுத்திடாதீங்க. டொமைன் காலாவதியானா மெயிலும் நிக்கும். ரினியூவல் எச்சரிக்கை, பாஸ்வேர்டு மாத்துற லிங்க் எல்லாம் அந்தப் பெட்டிக்கே போகும். பீரோ சாவியை பீரோவுக்குள்ளயே வச்சுப் பூட்டின கதை. அங்க ஜிமெயில் கொடுங்க, அதையும் அப்பப்போ திறங்க. 2 வருஷம் தொடாத கணக்கை கூகுள் அழிக்கலாம்.

ஆட்டோ ரினியூவலை நம்பி இருக்காதீங்க. கார்டு மாறினா பணம் போகாது. 10 வருஷம் வரை மொத்தமா கட்டலாம். கைவிட்ட டொமைனை வேற ஒருத்தர் வாங்கினா, உங்க வங்கி மெயில் அவர் கையில்.

களியக்காவிளை லெட்சுமி:
நன்றி அண்ணாச்சி. தமிழ் எழுத்திலேயே டாட் இந்தியா இருக்காமே? அதுன்னா ஸ்பெல்லிங் சண்டையே இல்லையே.

புளியரை டிஎன்எஸ்:
இருக்கு, ஆசையாத்தான் இருக்கும். ஆனா தமிழ் எழுத்து முகவரியைப் பல படிவங்கள் செல்லாதுன்னு தள்ளிடும். ரெண்டாவதா வச்சுக்கோங்க.

வாங்கினதும் மெயில் சேவை தர்ற எம்எக்ஸ் (மெயில் எங்க வந்து சேரணும்), எஸ்பிஎஃப் (உங்க பெயரில் எந்த சர்வர் அனுப்பலாம்), டிகேஐஎம் (மெயிலுக்கான டிஜிட்டல் கையெழுத்து) ரெக்கார்டுகளை டொமைன் செட்டிங்கில் அப்படியே போடுங்க. இந்தச் சோதனையில் தோத்த மெயிலை என்ன செய்யணும்னு சொல்ற டிமார்க்கும் ஒண்ணு சேருங்க. எஸ்பிஎஃப் ஒரு டொமைனுக்கு ஒண்ணே ஒண்ணு. பழசை அழிக்காம புதுசு சேர்த்தா ரெண்டுமே செல்லாது. பிறகு ஜிமெயிலுக்கு ஒண்ணு அனுப்பி, "ஷோ ஒரிஜினல்" திறந்து பாருங்க. எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூணுக்கும் நேரே பாஸ்னு வந்த பிறகுதான் வங்கியில் முகவரியை மாத்தணும்.