பாலக்காட்டுத் தனியார் மருத்துவமனையில் செவிலியர் சங்கம்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி

வணக்கம். சித்தூர் வட்டத்தில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் நான்கு ஆண்டுகளாக ஸ்டாஃப் நர்ஸாகப் பணிபுரிகிறேன். செவிலியர் 64 பேர். பாதிப் பேர் கொழிஞ்சாம்பாறை, பொள்ளாச்சிப் பக்கத்துத் தமிழர்கள், மற்றவர்கள் மலையாளிகள். மாதக் கடைசியில் பதிவேட்டில் ஒரு தொகைக்குக் கையெழுத்திட்டுவிட்டு, அதைவிடக் குறைந்த தொகையையே கையில் வாங்குகிறோம். இரவுப் பணியில் முப்பது படுக்கைகளை ஒருவரே பார்த்துக்கொள்ளும் நாட்களும் உண்டு. சங்கம் தொடங்க ஏழு பேர் போதும் என்கிறார்கள், அது சரியா? எனக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. பெயர் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயமும் எல்லோருக்கும் இருக்கிறது.

பதில் 1

ஏழு பேர் என்பது பாதி உண்மைதான். 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டப்படி ஏழு பேர் கையெழுத்திட்டு விண்ணப்பிக்க முடிந்தது. ஆனால் 2001ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அந்த நிறுவனத்தின் தொழிலாளர்களில் 10 விழுக்காட்டினர் அல்லது 100 பேர், இவற்றில் எது குறைவோ அத்தனை பேராவது உறுப்பினராக இருக்க வேண்டும் என்று ஆனது. எப்படியும் ஏழுக்குக் குறையக் கூடாது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டமும் இதே கணக்கைத்தான் வைத்திருக்கிறது. உங்கள் மருத்துவமனையில் அட்டெண்டர், லேப், துப்புரவுப் பணியாளர் எல்லோரையும் சேர்த்து 200 பேர் என்றால், செவிலியருக்கு மட்டுமான சங்கமானாலும் 20 உறுப்பினர்கள் தேவைப்படுவார்கள். மருத்துவமனை எப்படித் தொழில் நிறுவனமாகும் என்று நிர்வாகம் கேட்டால், 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவமனைகளையும் அந்த வரையறைக்குள் கொண்டுவந்ததைச் சொல்லுங்கள்.

புதிய சங்கமே வேண்டும் என்பதும் இல்லை. 2011இல் தொடங்கப்பட்ட யுனைட்டெட் நர்ஸஸ் அசோசியேஷன் போன்ற மாநில அளவிலான சங்கத்தின் யூனிட்டை உங்கள் மருத்துவமனையில் அமைத்தால், தனியாகப் பதிவு செய்யும் அலைச்சல் மிச்சம். நான் இரண்டாவது வழியையே சொல்வேன்.

பதில் 2

தங்கைக்கு, இதே மாவட்டத்தில் வேறொரு மருத்துவமனையில் யூனிட் அமைத்தவர்களில் நானும் ஒருத்தி. முதல் தடவை நாங்கள் செய்த தவறு, நாற்பது பேரைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கியதுதான். காலையில் எழுதியதன் ஸ்கிரீன்ஷாட் மாலைக்குள் நிர்வாக அறைக்குப் போய்விட்டது. முன்னால் நின்ற இருவர் மறுநாளே வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டார்கள். ஓர் ஆண்டு கழித்துத்தான் மறுபடி தொடங்கினோம். இந்த முறை பேச்செல்லாம் நைட் டியூட்டி முடிந்து வீடு திரும்பும் பேருந்தில்தான், ஒரு நேரத்தில் ஒருவரிடம் மட்டும்.

நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, தேதி, வார்டு, நோயாளிகள் எத்தனை பேர், பணியில் இருந்த செவிலியர் எத்தனை பேர் என்று ஒவ்வொரு ஷிஃப்டும் முடிந்தவுடன் ஒரு வரி எழுதிவைத்தோம். நோயாளியின் பெயர் ஒன்றுகூட அதில் இருக்கக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தோம். மூன்று மாதத்தில் அது நிரம்பிவிட்டது. பிறகு நாங்கள் கொடுத்த மனுவில் குமுறல் எதுவும் இல்லை, எண்கள்தான் இருந்தன. அதனால் மேட்ரனும் அதை மறுக்க முடியவில்லை. சந்தா வாங்கிய அன்றே தேதியிட்ட ரசீது கொடுத்துவிடுங்கள். பின்னால் யாரையாவது வேலையிலிருந்து நீக்கினால், அவர் அதற்கு முன்பே உறுப்பினராகிவிட்டார் என்பதற்கு அந்தச் சின்னத் தாளே சாட்சி. சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை நீக்குவதும் மிரட்டுவதும் முறையற்ற தொழில் நடவடிக்கை என்று சட்டத்திலேயே பட்டியலிடப்பட்டுள்ளது.

தமிழர் மட்டும் தனியாகக் கூடாதீர்கள். வார்டில் வாய்க்கு வாய் சேச்சி என்று கூப்பிடுகிறோமே, அந்த மூத்த மலையாளிச் செவிலியர் இருவராவது முதல் ஐந்து பேருக்குள் இருக்கட்டும். வேலைநிறுத்தப் பேச்சை இப்போதைக்கு எடுக்கவே வேண்டாம்.

பதில் 3

சம்பளத்தைப் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன். 2017ஆம் ஆண்டுச் செவிலியர் போராட்டத்திற்குப் பிறகு, 2018 ஏப்ரலில் கேரள அரசு தனியார் மருத்துவமனைச் செவிலியருக்கு 20,000 ரூபாயை அடிப்படைச் சம்பளமாக அறிவித்தது. ஆகவே உங்கள் பதிவேட்டுத் தொகைக்கும் கைக்கு வரும் தொகைக்கும் உள்ள வித்தியாசம் வெறும் மனக்குறை இல்லை, தொழிலாளர் துறையில் கொடுக்கத்தக்க புகார். சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்குப் பதிவையும் மாதாமாதம் படமெடுத்து வையுங்கள். மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம்: 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், அறிவிக்கப்பட்ட மொழிச் சிறுபான்மைப் பகுதிகளின் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுத இடம் தருகிறது. இருந்தாலும் மலையாளப் படி ஒன்றை இணைத்தால் கோப்பு வேகமாக நகரும். இது என் அனுபவம்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. மொத்தப் பணியாளர் எத்தனை பேர் என்பதை மெஸ் கணக்கு எழுதும் அக்காவிடம் விசாரித்தேன், 212 பேராம். அப்படியானால் எங்களுக்கு 22 பேர் வேண்டும். நேற்று ஷிஃப்ட் மாறும்போது மூத்த சேச்சி ஒருவரிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். அவர் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டியது இரண்டு ஆண்டுகளாக அவர் தனியாக எழுதிவரும் நைட் டியூட்டி நோட்டு.