புகைப்படம் பார்த்து நீர்வண்ணம்: அரை மணி நேரக் கெடு தேவைதானா?

காவிரிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் வங்கி வேலை. பிள்ளைகள் தூங்கிய பிறகு, இரவு பத்து மணிக்குமேல்தான் தூரிகையைத் தொட முடிகிறது. வெளியே போய் உட்கார்ந்து வரைய வழியில்லை, புகைப்படம்தான் கதி. கைபேசியில் அரை மணி நேரத்துக்கு அலாரம் வைத்து, அதற்குள் ஒரு படம் என்று பழகி வருகிறேன்.

இப்போது கையில் இருப்பது திருவரங்கம் ராஜகோபுரம். மார்கழிக் காலையில் தெற்கே தெருவில் நின்று நானே எடுத்த படம். வலப்பக்கத்திலிருந்து வெயில் விழுகிறது. பதின்மூன்று நிலைகளையும் அவற்றின் மாடங்களையும் பென்சிலால் போட்டு முடிப்பதற்குள் பாதி நேரம் கரைந்துவிடுகிறது. பிறகு வானத்துக்கு ஒரு வாஷ் (தண்ணீர் கலந்த வண்ணப் பூச்சு), கோபுரத்துக்கு ஒரு வாஷ். அது காயும் முன் நிழலை வைத்தால் எல்லாம் கலந்து சேற்று நிறமாகிறது. காயட்டும் என்று காத்திருந்தால் அலாரம் அடித்துவிடுகிறது.

கெடு வைத்து வரைந்தால் கை வேகமாகும் என்கிறார்கள். எனக்கு வேகமாவது நாடித்துடிப்பு மட்டும்தான். அலாரத்தை விட்டுவிட்டு நிதானமாக வரையலாமா? தாள் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்), பருத்தி இல்லை, மரக்கூழ்த் தாள். வண்ணம், பன்னிரண்டு டியூப் கொண்ட மாணவர் பெட்டி.

பழைய ட்ராயிங் மாஸ்டர்:

அம்மா, அலாரம் இருக்கட்டும். அது எந்த வேலைக்கு என்பதை மட்டும் மாற்றுங்கள்.

கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் நாங்கள் படித்தபோது நிலக்காட்சி என்றால் பலகையைத் தூக்கிக்கொண்டு காவிரிப் படித்துறைக்குப் போய்விட வேண்டும். யாரும் எங்களுக்குக் கெடு சொல்லவில்லை, வெயில் சொன்னது. சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. எட்டு மணிக்கு ஒரு படியில் கிடந்த நிழல் ஒன்பதரைக்கு வேறு படியில் கிடக்கும். ஆகையால் உட்கார்ந்ததும் முதல் வேலை, நிழலின் ஓரத்தை மெல்லிய கோட்டால் பிடித்துவைப்பது. தூண் எங்கும் ஓடிப்போகாது, மதியம் வந்துகூடப் போட்டுக்கொள்ளலாம். புகைப்படத்தில் சூரியன் நின்றுவிட்டது. அதனால்தான் நீங்கள் நகராத மாடங்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ஆகவே முதல் ஐந்து நிமிடம் நிழலுக்கு மட்டும். உள்ளங்கை அளவுக்கு ஒரு கட்டம் போட்டு, வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்றே தரமாகப் பிரியுங்கள். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள்; முடிந்தால் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிக்கொள்ளுங்கள். இப்போதைய கைபேசிகள் வெளிச்சத்தையும் நிழலையும் ஏறக்குறைய சமமாக்கித் தருகின்றன, நிறத்தோடு பார்த்தால் ஏமாந்துபோவோம். வெயில் வலப்பக்கம் என்கிறீர்கள். அப்படியானால் கோபுரத்தின் இடப்பக்கம், ஒவ்வொரு நிலையிலும் வெளியே வளைந்து நீளும் விளிம்பான கொடுங்கைக்கு அடியில் உள்ள பட்டை, வாசலின் உட்புறம் ஆகிய மூன்றும் ஒரே நிழலாகச் சேர்ந்து நிற்க வேண்டும். அது சேர்ந்துவிட்டால் பதின்மூன்று நிலையை யாரும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள்.

இன்னொன்று. கோபுரம் இயல்பிலேயே மேலே போகப் போகக் குறுகுவது. கைபேசியை அண்ணாந்து பிடித்து எடுத்தால் படமும் தன் பங்குக்கு அதைக் குறுக்கும். உங்கள் படத்தில் தெருவோர வீடுகளின் சுவர்களைப் பாருங்கள். அவை உள்நோக்கிச் சாய்ந்திருந்தால், முதலில் அவற்றை நிமிர்த்துங்கள். பிறகு அதே அளவுக்குக் கோபுரத்தின் தோளையும் அகலப்படுத்துங்கள். புகைப்படத்தைப் பார்த்து வரைந்த கோபுரங்கள் பல ஊசியாக நிற்பதற்கு இதுதான் காரணம். (நான் மாணவனாக இருந்தபோது அது மொட்டைக் கோபுரம். அடித்தளத்தை மட்டும் வரைந்துவிட்டு எழுந்து வந்துவிடலாம். 1987-இல் 236 அடிக்கு எழுப்பி முடித்து எங்கள் வேலையைக் கூட்டிவிட்டார்கள்.)

சேறு பற்றி. ஆஸ்திரேலியாவில் வாழும் ஓவியர் ஜோசப் ஸ்புக்விச், வண்ணத்தின் அடர்த்தியைத் தேநீர், காபி, பால், க்ரீம், வெண்ணெய் என்று ஐந்தாக வகுத்துச் சொல்வார். வானத்துக்குத் தேநீர், தூரத்து நிழலுக்குப் பால், கடைசிக் கருமைக்கு வெண்ணெய். நீங்கள் ஈரமான வாஷ் மீது அதைவிட நீர்த்த கலவையை வைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தத் தண்ணீர் கீழே உள்ள நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓரம் கருத்த கறையாக நிற்கும். ஈரத்தின்மேல் வைப்பது எப்போதும் கெட்டியாக இருக்க வேண்டும். நிழலுக்கு அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் போதும். நீலம் கூடினால் குளிர்ந்த சாம்பல், சியன்னா கூடினால் வெதுவெதுப்பான சாம்பல். மூன்றாவது டியூபைத் திறந்தால் சேற்றுக்கும் கதவு திறக்கிறது.

காயும் நேரம் கெடுவில் சேராது. முதல் வாஷ் முடிந்ததும் அலாரத்தை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடியுங்கள். காய்ந்த பிறகு மீண்டும் ஓடவிடுங்கள்.

அடையாற்று மழை:

மாஸ்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். காயும் நேரம் ஊருக்கு ஊர் மாறும். சென்னையில் ஐப்பசி மழையில் ஒரு வாஷ் காயக் காத்திருந்தே பொறுமை போய்விடும். சித்திரையில் மின்விசிறிக்கு அடியில் தூரிகையை எடுக்கும் முன்பே காய்ந்து கோடு விழும். எனவே இன்னொருவருடைய நிமிடக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். தாளைக் கண் மட்டத்துக்குத் தூக்கி விளக்குக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். மினுமினுப்பு இருந்தால் இன்னும் ஈரம், கெட்டி வண்ணத்தை வைக்கலாம். மினுமினுப்பு போய்ச் சற்று மங்கலாகத் தெரியும் கட்டம்தான் ஆபத்து, அப்போது கையை வைக்காதீர்கள். காய்ந்துவிட்டதாகத் தோன்றினால் விரலின் புறப்பக்கத்தால் தொடுங்கள். சில்லென்றால் உள்ளே ஈரம் இருக்கிறது.

மரக்கூழ்த் தாள் சீக்கிரம் காயும், ஆனால் மேலே இரண்டாவது முறை தேய்த்தால் முதல் வாஷ் கிளம்பிவிடும். சேற்றில் பாதி அதனால்தான். பருத்தித் தாள் விலை அதிகம் என்பது உண்மை. 22க்கு 30 அங்குல முழுத்தாளாக வாங்கி எட்டாக வெட்டினால் ஏழரைக்குப் பதினொன்று கிடைக்கும். பதினாறாக வெட்டினால் இன்னும் நல்லது, அரை மணி நேரத்துக்கு அந்த அளவே அதிகம்.

கெடுவுக்கு எதிரி:

எனக்கு அலாரமே ஆகாது. ஒரு மாடத்தின் நிழலை ஒரு மாலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பதிலும் பயிற்சி இருக்கிறது. அலாரம் வைத்துப் பழகியவர்களின் படங்கள் ஒரே சாயலில் இருப்பதைக் கவனித்திருக்கிறேன்: நாலு விசுக்கென்ற கோடு, இரண்டு தெறிப்பு, ஓரத்தில் கையெழுத்து. வாரத்தில் ஒரு நாளாவது கடிகாரத்தைத் திருப்பி வையுங்கள், அம்மா.

அப்புறம், சொந்தப் படம் என்பதால் உங்களுக்குக் கவலையில்லை. மற்றவர்கள், இணையத்தில் கிடைத்த படத்தைப் பார்த்து வரைந்து விற்பனைக்கு வைப்பதற்கு முன், அதை எடுத்தவரிடம் அனுமதி கேளுங்கள், அல்லது கட்டற்ற உரிமத்தில் உள்ள படமாகத் தேடுங்கள்.

காவிரிக்கரை:

மூவருக்கும் நன்றி. தெருவோர வீடுகளைப் போய்ப் பார்த்தேன். ஐயா சொன்னபடி இரண்டு பக்கமும் உள்ளே சாய்ந்துதான் நிற்கின்றன! இத்தனை நாள் அந்தப் படத்தையே பார்த்திருந்தும் கண்ணில் படவில்லை.

ஒரு சின்னச் சந்தேகம். சிறு தாள் என்றால் சிறு தூரிகையா? கலசங்களின் மினுமினுப்புக்கு வெள்ளை வண்ணம் வைத்தால் நீர்வண்ணக்காரர்கள் கோபித்துக்கொள்வார்களா?

பழைய ட்ராயிங் மாஸ்டர்:

சிறு தாளுக்கும் பெரிய தூரிகைதான். நுனி கூராக நிற்கும் 10 அல்லது 12 எண் உருண்டைத் தூரிகை. அதில் மாடம் போட முடியாது, அதுதான் வேண்டும். நுண்ணிய தூரிகையைக் கடைசி ஐந்து நிமிடம்வரை வேறு அறையில் வையுங்கள்.

கலசத்துக்குத் தாளின் வெள்ளையை விட்டுவைத்தால் அழகு. தவறிப்போனால் வெள்ளை கௌவாஷ் (அடியில் உள்ளதை மறைக்கும் கெட்டி நீர்வண்ணம்) ஒரு துளி தாராளமாக வையுங்கள், யார் கோபித்தாலும் நான் பேசிக்கொள்கிறேன். ஆனால் அதைத் தண்ணீரில் கரைக்காமல் வைக்க வேண்டும். கரைத்தால் காய்ந்ததும் மங்கிவிடும்.

முடித்ததும் இங்கே இடுங்கள். புகைப்படத்தை இட வேண்டாம், ஓவியம் மட்டும். வெயில் எந்தப் பக்கம் என்று அதைப் பார்த்தே நான் சொல்கிறேன்.