தேன் விலையும் வேலி மரமும்: புதுப்பிப்பு

காரைக்குடிப் பக்கம் எங்கள் செம்மண் தோட்டத்தில் அடுக்குத் தேனீப் பெட்டி வைத்திருக்கிறேன், தேனுக்கு என்ன விலை சொல்வது, ஆட்டுத் தீவனத்துக்கு என்ன மரம் நடுவது என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா, அதன் தொடர்ச்சி இது.

பாட்டில் கணக்கை விட்டுவிட்டேன். ஒரு லிட்டர் தேன் சுமார் 1.4 கிலோ எடை வரும், அதனால் 750 மில்லி பாட்டிலை நிறைத்தாலே ஒரு கிலோ தாண்டிவிடும். "பாட்டில் என்ன விலைங்க" என்பவரிடம் கிலோ விலையைச் சொன்னால் நட்டம் நமக்குத்தான். இப்போது தராசுதான். தேனடையின் அறைகளைத் தேனீக்கள் மெழுகால் மூடிய பிறகே தேன் எடுக்கிறேன், தேனில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போனால் புளித்துவிடும்.

ஆட்டுத் தீவனத்துக்கு வேலியோரம் கிளைரிசிடியா, அகத்தி, கொஞ்சம் சூபாபுல் (சவுண்டல்) மரம் வைத்திருக்கிறேன். கிளைரிசிடியாவை ஆடுகள் முகர்ந்துவிட்டு நகர்ந்தன, வாடவிட்டுப் போட்டதும் தின்கின்றன. சூபாபுலில் மைமோசின் என்ற நச்சுப்பொருள் இருப்பதால் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேர்ப்பதில்லை. அப்புறம், தழைக்காக அடிக்கடி வெட்டினால் கிளைரிசிடியா பூக்காது, தேனீக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. அதனால் நாலுக்கு ஒன்றை வெட்டாமல் விட்டிருக்கிறேன், மாசி பங்குனியில் இலை உதிர்ந்து கிளை முழுக்க இளஞ்சிவப்பாகப் பூக்கும்.

தேனீப் பெட்டியில் எறும்பு ஏறாமல் என்ன செய்வது என்று கேட்ட தம்பிக்கு: பெட்டிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், ஆனால் நம்ம ஊர் வெயிலில் சீக்கிரம் வற்றும், தினமும் பார்த்து ஊற்றணும்.