12 பேர் அலுவலகத்துக்கு எந்தத் திட்ட மேலாண்மை மென்பொருள் கட்டுப்படியாகும்?

அனைவருக்கும் வணக்கம். சேலம் அஸ்தம்பட்டியில் 12 பேர் கொண்ட கட்டட வடிவமைப்பு அலுவலகம் நடத்துகிறோம். ஏற்காட்டில் நடக்கும் இரண்டு வீட்டு வேலைகளின் விவரம் இன்றும் வாட்ஸ்அப் குழுவிலும், மேஸ்திரியின் சட்டைப்பையில் மடித்து வைத்த தாளிலும்தான் இருக்கிறது. ஜிரா என்ற மென்பொருளின் இலவசத் திட்டம் 10 பேரோடு நின்றுவிடுவதால், கூடுதலான இருவருக்காக 12 பேருக்கும் பணம் கட்ட வேண்டும். மண்டே டாட் காம் என்ற மென்பொருளிலோ பயனர் எண்ணிக்கையைத் தொகுப்பாகவே விற்பதால், 15 பேருக்கு உரிய தொகை ஆகிறது. ஆண்டுச் சந்தா மலிவுதான். ஆனால் முன்பு ஒரு செயலியை மேஸ்திரிகள் மூன்றாவது வாரமே கைவிட்டார்கள், கட்டிய பணம் போனது போனதுதான். மலையில் சிக்னல் இல்லாத இடத்திலும் இயங்கும் மென்பொருளைப் பயன்படுத்துவோர், 18% ஜி.எஸ்.டி. உட்பட மாதம் எவ்வளவு ஆகிறது என்று தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.