புதுப்பிப்பு: கோடைக்குக் கேட்டிருந்த சிரிப்பு வரலாற்றுப் புத்தகம்

கோடையில் படிக்க, சிரிக்க வைக்கும் வரலாற்றுப் புத்தகம் எது என்று முன்பு கேட்டிருந்தேன். வந்த சிபாரிசுகளில் ‘1066 அண்ட் ஆல் தட்’ புத்தகத்தை எடுத்தேன், முடித்தும் விட்டேன்.

செல்லர், யேட்மன் என்ற இருவர் எழுதி 1930இல் வந்தது. இங்கிலாந்து வரலாறுதான், ஆனால் பள்ளியில் படித்தது பெரியவர்கள் மண்டையில் எப்படிக் குழம்பிக் கிடக்குமோ அப்படியே எழுதியிருக்கிறார்கள். நினைவில் நிற்கும் ஆண்டுகள் என்று அவர்கள் ஒப்புக்கொள்வது இரண்டே இரண்டு: சீசர் படையெடுத்த கி.மு. 55, பிரான்ஸ் பக்கமிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தை வென்ற 1066. முதலில் நான்கு இருந்ததாம், கடைசி நேரத்தில் இரண்டைத் தூக்கிவிட்டார்களாம்! முன்னுரையிலேயே இந்தக் குசும்பு. அரசர்களுக்கு நல்லவர், கெட்டவர் என்று முத்திரை. நடுநடுவே தேர்வுத்தாள் வேறு. அதில் ஓர் அறிவுரை, தாளின் இரண்டு பக்கத்திலும் ஒரே நேரத்தில் எழுத முயலக் கூடாதாம்.

வரலாறு தெரியாமல் ரசிக்க முடியுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். உதாரணமாக, 17ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரில் அரசர் பக்கம் தப்பு ஆனால் வசீகரம், நாடாளுமன்றப் பக்கம் சரி ஆனால் சகிக்காது என்கிறார்கள். எட்டாம் ஹென்றி, முதலாம் சார்லஸ், குரோம்வெல் யாரென்று மேலோட்டமாகத் தெரிந்தாலே போதும், பாதிக்கு மேல் பிடிபட்டுவிடும்.

சின்னப் புத்தகம், குட்டிக் குட்டி அத்தியாயங்கள். ஒரே மூச்சில் மட்டும் படிக்காதீர்கள், பாதியில் திகட்டும். எனக்குத் திகட்டியது, அப்புறம் இடைவெளி விட்டுத்தான் முடித்தேன்.