இலக்கியக் கட்டுரையில் மேற்கோளையும் பின்புலத்தையும் எந்த அளவில் கையாள்வது?

கேள்வி: இரண்டாமாண்டு மாணவி

அனைவருக்கும் வணக்கம். இளங்கலைத் தமிழ் படிக்கிறேன். குறுந்தொகையின் 40ஆம் பாடலைப் பற்றி ஆறு பக்கக் கட்டுரை ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தேன். திரும்பி வந்த தாளின் ஓரத்தில் இரண்டு குறிப்புகள் இருந்தன. ‘பாடல் பேசுகிறது, நீங்கள் பேசவில்லை’ என்பது ஒன்று. ‘இந்தப் பக்கம் முழுவதும் வரலாற்றுப் பாடம்’ என்பது மற்றொன்று.

கட்டுரையை ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்னும் வரியுடன் தொடங்கியிருந்தேன். அடுத்து ஒரு பக்கம் சங்க காலம், ஐந்திணை, களவு, கற்பு ஆகியவற்றைப் பற்றியது. அதன்பின் பாடலை முழுமையாகத் தந்து, அடிதோறும் பொருள் எழுதி, ‘இவ்வாறு புலவர் காதலின் உயர்வை அழகுறக் கூறுகிறார்’ என்று முடித்திருந்தேன். பாடலைக் குறைவாக எடுத்துக் காட்டினால் படிக்காமல் எழுதியதாகத் தோன்றுமோ என்ற அச்சம் எனக்கு உண்டு. எத்தனை அடிகளைத் தருவது, தந்த பிறகு அவற்றைப் பற்றி என்ன எழுதுவது, பின்புலத்தை எங்கே நிறுத்துவது என்பவற்றை விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

மறுமொழி: ஏட்டுச்சுவடி

கட்டுரைகளைத் திருத்துவதிலேயே பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த அச்சம் உங்களுக்கு மட்டும் உரியதன்று. அடிகளை நிறையத் தருவதால் படித்தது வெளிப்படாது. ஒரு சொல்லின் அருகில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்பதில்தான் அது வெளிப்படும்.

நீங்கள் எடுத்துக்கொண்ட பாடலையே பார்ப்போம். ஐந்தே அடிகள் கொண்டது என்பதால் அதை ஒருமுறை முழுமையாகத் தருவதில் தவறில்லை. ஆனால் அதன்பின் அடிதோறும் பொருள் எழுதும்போது பாடலைத்தான் உரைநடையில் திரும்பச் சொல்கிறீர்கள். உங்கள் கருத்து இன்னும் தொடங்கவில்லை. மாறாக, முதல் மூன்று அடிகளில் வரும் இணைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: ‘யாயும் ஞாயும்’, ‘எந்தையும் நுந்தையும்’, ‘யானும் நீயும்’. என் தாய், உன் தாய்; என் தந்தை, உன் தந்தை; நான், நீ. ஒவ்வோர் அடியிலும் இருவரும் தனித்தனியே நிற்கிறார்கள். ஒவ்வோர் அடியும் ஒரு கேள்வியாக முடிகிறது. நான்காம் அடியில் செம்புலத்தில் பெய்த மழைநீர் உவமையாக வருகிறது. அதன்பின் வரும் ‘அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே’ என்னும் அடியில் என்னுடையது, உன்னுடையது என்ற பிரிவும் இல்லை, கேள்வியும் இல்லை. நான் இங்கே மேற்கோளாகத் தந்தவை மூன்று இணைகளும் ஓர் அடியும்தான். அவை இல்லாவிட்டால் நான் சொல்வதற்குச் சான்று இல்லை. நான் சொல்லாவிட்டால் அவை அங்கே நிற்பதற்குக் காரணமும் இல்லை.

மேற்கோளை உங்கள் வாக்கியத்துக்குள்ளேயே பொருத்தி எழுதவும் பழகுங்கள். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைப் பற்றி எழுதும் மாணவர் பலரும் ‘இளங்கோவடிகள் பின்வருமாறு கூறுகிறார்’ என்று எழுதி, கீழே பத்து அடிகளை இறக்கிவிடுவார்கள். ‘யானோ அரசன்’ என்று தன் அரசுரிமையை ஓகாரத்தால் மறுக்கும் பாண்டியன், அதே மூச்சில் ‘யானே கள்வன்’ என்று குற்றத்தை ஏகாரத்தால் உறுதி செய்துகொள்கிறான் என எழுதினால், இரண்டு இடைச்சொற்களுக்கிடையே ஒரு மன்னன் தனக்கே தீர்ப்பு வழங்குவதைப் படிப்பவர் கண்ணெதிரே காட்டிவிடலாம். பத்து அடிகளைத் தந்திருந்தால் அந்த ஓகாரத்தையும் ஏகாரத்தையும் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை படிப்பவருடையதாகியிருக்கும்.

மறுமொழி: புறத்திணை

ஏட்டுச்சுவடி ஐயா மேற்கோளைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். பின்புலம் பற்றி நான் சொல்கிறேன்.

உங்கள் தொடக்க வரியிலிருந்து வருவோம். ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்பது புறநானூற்றின் 192ஆம் பாடலின் முதல் அடி. பாடலில் 13 அடிகள் உள்ளன. பேரியாற்று நீரின் வழியே செல்லும் புணையைப் போல உயிரும் முறையின் வழியே செல்கிறது என்றும், அதைத் தெளிந்ததால் பெரியோரை வியத்தலும் இல்லை, சிறியோரை இகழ்தல் அதனினும் இல்லை என்றும் அது முடிகிறது. முதல் அடியை மட்டும் தனியே எடுத்து ஓர் அகப்பாடலின் வாசலில் தோரணமாகத் தொங்கவிட்டால், மீதி 12 அடிகளை அறிந்தவருக்கு அது உறுத்தும். ஆயினும் உங்களை அந்த வரிக்கு இழுத்தது எது என்று எனக்குப் புரிகிறது. ‘கேளிர்’ என்னும் சொல் இரண்டு பாடல்களிலும் உள்ளது. அங்கே யாவரும் கேளிர். இங்கே ‘எம்முறைக் கேளிர்’, அதாவது எந்த வகையில் உறவினர் என்று கேள்வி. இந்த வேறுபாட்டைச் சொல்வதானால் அந்த அடியைக் கட்டுரையின் நடுவில் வையுங்கள். சொல்லப்போவதில்லை என்றால் எடுத்துவிடுங்கள்.

வரலாற்றுப் பக்கத்துக்கும் இதே அளவுகோல்தான். ஐந்திணைகளையும் விளக்க வேண்டியதில்லை. இப்பாடல் குறிஞ்சித்திணையைச் சேர்ந்தது, அதன் உரிப்பொருள், அதாவது அத்திணைக்கு உரிய ஒழுக்கம், புணர்தல் என்ற ஒரு வாக்கியம் போதும். அதையும் முதல் பக்கத்தில் வைக்காமல், மண்ணும் நீரும் கலக்கும் உவமையைப் பேசும் இடத்தில் வைத்தால் அந்த வாக்கியம் உவமையைத் தாங்கி நிற்கும்.

நீங்கள் குறிப்பிடாத ஒரு பின்புலம் உண்டு. அதுவே இங்கு மிக முக்கியமானது எனக் கருதுகிறேன். பாடலுடன் வரும் கூற்றுக் குறிப்பு, அதாவது யார் எந்தச் சூழலில் கூறியது என்று சொல்லும் குறிப்பு, தலைவன் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சிய தலைவியின் குறிப்பை உணர்ந்து அவன் கூறியதாக இதைச் சொல்கிறது. அதைப் படித்த பிறகு இது வெறும் காதல் வியப்பாக இருப்பதில்லை. அஞ்சியவளுக்குக் கொடுக்கும் உறுதிமொழியாகிவிடுகிறது. ‘கலந்தன’ என்ற இறந்தகாலமும் அப்போது கனக்கிறது: கலக்கும் என்று அவன் வாக்களிக்கவில்லை, கலந்தாயிற்று என்கிறான். ஆனால் கவனம் வேண்டும். கூற்றுக் குறிப்புகள் பாடலின் உறுப்புகள் அல்ல, பின்னர் வந்தவர்கள் சேர்த்தவை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. எனவே ‘தலைவி அஞ்சினாள் எனப் புலவர் பாடுகிறார்’ என எழுதாமல், ‘கூற்றுக் குறிப்பின்படி’ என்று எழுதுங்கள். அந்த ஐந்து அடிகளில் அச்சம் என்ற சொல் எங்கும் இல்லை.

மறுமொழி: அடிக்குறிப்பு

எழுத்துமுறை பற்றிச் சிறிய குறிப்பு. பழைய பாடல்களைச் சீர் பிரித்தும் அச்சிடுவார்கள், சொல் பிரித்தும் அச்சிடுவார்கள். ‘யாரா கியரோ’ என்பது சீர் பிரிப்பு. ‘யார் ஆகியரோ’ என்பது சொல் பிரிப்பு. கட்டுரை முழுவதும் ஏதேனும் ஒன்றையே பின்பற்றுங்கள். எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். 1937இல் வெளிவந்த உ.வே.சாமிநாதையர் பதிப்பில் மூலத்துடன் அவருடைய உரையும் உள்ளது. உரையாசிரியரின் விளக்கத்தைப் பயன்படுத்தினால் அது அவருடையது என்று சொல்லிவிடுங்கள். இணையத்திலிருந்து படியெடுத்த வரியை அச்சு நூலுடன் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்காமல் கொடுத்துவிடாதீர்கள்.

மறுமொழி: இரண்டாமாண்டு மாணவி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு ஒரு பத்தியை மீண்டும் எழுதிப் பார்த்தேன்:

‘“யாயும் ஞாயும்” எனப் பெற்றோரிலிருந்து தொடங்கும் தலைவன், உறவின் ஒவ்வொரு வழியையும் தானே கேள்வி கேட்டு அடைத்துக்கொண்டே வருகிறான். தாயர் வழியாகவும் தந்தையர் வழியாகவும் தொடர்பில்லை, முன்னறிமுகமும் இல்லை. உறவு எதுவும் இல்லை என்று நிறுவிய பிறகுதான் அவன் செம்புலத்தைக் காட்டுகிறான். மழைக்கும் மண்ணுக்கும் இடையே முன்பு எந்த உறவும் இருந்ததில்லை. கலந்தபின் எது யாருடைய நெஞ்சம் என்று பிரிக்க முடியாதபடி இருவரும் ஒன்றாகிவிடுகின்றனர்.’

முதல் பக்கத்தை முழுவதும் நீக்கிவிட்டேன். ‘கேளிர்’ ஒப்பீட்டை இதற்கு அடுத்த பத்தியில் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன்.

மறுமொழி: ஏட்டுச்சுவடி

மகிழ்ச்சி, அம்மா. உறவின் வழிகளைத் தலைவனே அடைத்துக்கொண்டு வருகிறான் என்பது உங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு. நான் அதை அப்படிப் பார்த்ததில்லை.

கடைசி வாக்கியத்தை மட்டும் மீண்டும் பாருங்கள். ‘ஒன்றாகிவிடுகின்றனர்’ என்கிறீர்கள்; நீங்கள் சான்று காட்டும் அடி அவ்வளவு தூரம் செல்லவில்லை. ‘நெஞ்சம்’ என்பது பால்பகா அஃறிணைப் பெயர். அந்தச் சொல்லை மட்டும் வைத்து ஒன்றா பலவா என்று கூற இயலாது. ஆனால் அதைத் தொடரும் ‘தாம்’ என்பதும் ‘கலந்தன’ என்பதும் பன்மை. யாருடையது என்று சொல்லாத அதே அடி, கலந்த பிறகும் நெஞ்சங்களை இரண்டாகவே எண்ணுகிறது. உங்கள் வாக்கியத்தை இந்த ‘தன’வுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, மாற்றத் தோன்றினால் மாற்றுங்கள்.